கேர்ள்ஸ் பிரிகேட்டில் மகளைச் சேர்ப்பதா? திருகோணமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

கேள்வி: “எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் பதின்வயதுப் பெண்பிள்ளைகளுக்காகக் கேர்ள்ஸ் பிரிகேட் என்ற சீருடை அணி நடக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம். என் மகளுக்கு 13 வயது, தரம் 8 படிக்கிறாள். போன மாதம்தான் சாமத்தியப்பட்டாள். அதிகம் பேசாத பிள்ளை. ஆனால் இதில் சேர வேண்டும் என்று அவளே கேட்கிறாள். சேர்த்தால் கொஞ்சம் அடக்கமும் ஒழுக்கமும் வரும் என்று எனக்கும் தோன்றுகிறது. கணவர் இந்து. மாமி எங்களோடுதான் இருக்கிறார். ‘பிள்ளையை முழுதாக அந்தப் பக்கம் இழுத்துவிடுவார்கள்’ என்று அவர் பயப்படுகிறார். கணவர் எதுவும் சொல்லவில்லை. ரியூசன் கெடுமோ, பாதுகாப்பு எப்படியோ என்ற யோசனையும் உண்டு. என்ன செய்யலாம்?”

தங்கச்சி, பிள்ளையே விரும்பிக் கேட்கிறாள் என்றால் சேர்த்துவிடுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காகச் சேர்க்காதீர்கள். ‘அடக்கம் வரும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடறியது. அதை முதலில் பேசிவிட்டு மாமியிடம் வருகிறேன்.

நான் பாடசாலையில் படிப்பித்தவள். ஆலயத்தில் இப்படியான பெண்பிள்ளைகள் குழுவொன்றை 22 வருடம் நடத்தியவள். சாமத்திய வீட்டுப் பந்தல் கழற்றிய கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மாரை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். அதுவரை சைக்கிளில் உவர்மலை முழுவதும் சுற்றித் திரிந்த பிள்ளை, தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். “இனி இவளைக் கண்டபடி விட முடியாது ரீச்சர், சனிக்கிழமையாவது உங்கள் கண் பார்வையில் நிற்கட்டும்” என்பார்கள். நானும் பெருமையோடு தலையாட்டியிருக்கிறேன். எனக்குக் கிடைத்தது காவல்காரி வேலை என்பது உறைக்கப் பல வருடம் எடுத்தது. சைக்கிளைப் பறித்து, கடற்கரைக்குப் போவதை நிறுத்தி, மிஞ்சிய ஒரே வாசலாக ஆலய மண்டபத்தைக் காட்டினால் பிள்ளை வரத்தான் செய்யும். மறியலுக்கு வருவதுபோல வரும். பதினாறு, பதினேழு வயதில் தன் இஷ்டப்படி ஒன்றைக் கைவிடலாம் என்ற நிலை வரும்போது முதலில் இதைத்தான் கைவிடும். சில பிள்ளைகள் இதோடு சேர்த்து ஆலயத்தையும் விட்டுவிட்டார்கள்.

‘பெண்பிள்ளைகளுக்கு எதற்கு பிரிகேட், எதற்கு அணிவகுப்பு’ என்று மாமியும் கேட்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1883இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர், வகுப்பில் ஓரிடத்தில் இருக்காத பையன்களைப் பிடித்து வைக்க அணிவகுப்பையும் விளையாட்டையும் வேதபாடத்தோடு சேர்த்தார். அதுதான் போய்ஸ் பிரிகேட். பத்து வருடம் கழித்து, 1893இல், அயர்லாந்தின் டப்ளினில் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று பிறந்தது. 1900இல் ஸ்கொட்லாந்தில் கேர்ள்ஸ் கில்ட்ரி, 1902இல் இங்கிலாந்தில் கேர்ள்ஸ் லைஃப் பிரிகேட் என்று இன்னும் இரண்டு வந்தன. மூன்றும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்துவிட்டு 1965இல் ஒன்றாகின. இன்று நாம் கேர்ள்ஸ் பிரிகேட் என்பது அந்த ஒன்றைத்தான். குறிப்பிட்ட ஒரு சபைக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆனால் ஒவ்வொரு கம்பனியும் (ஓரிடத்துக் குழுவை அப்படித்தான் சொல்வார்கள்) ஏதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்தே இயங்கும். நடத்துகிறவர் கப்டன், ஆன்மிகப் பொறுப்பு போதகருக்கு.

1893 என்பது அயர்லாந்துப் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கே இல்லாத காலம். நம் பெண்களுக்கு அது 1931இல் வந்தது. அப்படியொரு காலத்தில் பெண்பிள்ளைகள் சீருடை போட்டு, தங்களில் ஒருத்தி குரல் கொடுக்க, வரிசையாகக் கால் எடுத்து வைத்தார்கள். பிள்ளையை ஒடுக்கி மூலையில் உட்கார வைக்கிற ஏற்பாடாக எனக்கு இது தெரியவில்லை.

இயக்கத்தின் குறிக்கோளை நம் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பெண்பிள்ளைகள் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர்களாவதற்கு உதவுவது, தன்னடக்கம், பயபக்தி, பொறுப்புணர்வு என்பவற்றின் வழியாக வாழ்வில் உண்மையான நிறைவைக் காணச் செய்வது. ‘பார்த்தீர்களா, அடக்கம் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, முன்னால் ‘தன்’ சேர்ந்து இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கைபேசியைத் தானாகவே வைத்துவிடுவது, தோழியைப் பற்றி வட்ஸ்அப்பில் வந்த கதையை அடுத்தவளுக்கு அனுப்பாமல் விடுவது, கோபத்தில் தம்பியின் கன்னத்துக்குப் போகும் கையைப் பாதியில் நிறுத்துவது எல்லாம் அதில் அடங்கும். குனிந்து நடப்பதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதும் அதில் அடங்காது. உங்கள் மகள் ஏற்கனவே அதிகம் பேசாத பிள்ளை என்கிறீர்கள். அவளுக்கு வேண்டியது வாய் திறக்கும் பழக்கம்.

அது அங்கே எப்படி வருகிறது என்று கேட்டால், பெரிய போதனையால் வருவதில்லை. இரண்டு மணித்தியாலத்தில் வரிசையில் நிற்பது, ஜெபம், சீருடை பார்ப்பது, கொஞ்சம் அணிவகுப்பு, பட்ஜ் வேலை, விளையாட்டு, அறிவித்தல் எல்லாம் அடங்கிவிடும். பட்ஜ் வேலை, அதாவது சீருடையில் குத்தும் சின்னங்களைப் பெறுவதற்கான பயிற்சி, ஆன்மிகம், உடல், கல்வி, சேவை என்று நான்கு பக்கமாக நடக்கும். முதலுதவி படிப்பார்கள், சமைப்பார்கள், முதியவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். நாட்டுக்கு நாடு, ஏன் கம்பனிக்குக் கம்பனி, விவரம் மாறும். உண்மையான படிப்பு இடையிடையே, யாரும் திட்டமிடாத இடத்தில் நடக்கிறது.

எங்கள் குழுவில் காணிக்கைக் காசு ஒரு பழைய மைலோ டின்னில் இருக்கும். மூடியில் கத்தியால் கீறிய வாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிள்ளை பொருளாளர். ஒரு தடவை அந்த முறை, வகுப்பில் ‘பிரசன்ற்’ என்று சொல்லவே குரல் வராத ஒருத்திக்கு வந்தது. பாயை விரித்து, டின்னைக் கவிழ்த்து, இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று தனித்தனிக் கோபுரமாக அடுக்கினாள். எண்ணினாள். கொப்பியைப் பார்த்தாள். திரும்ப எண்ணினாள். நாற்பது ரூபாய் குறைந்தது. பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள், டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினாள். மற்றப் பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள். நான் ‘விடு, நான் போட்டுவிடுகிறேன்’ என்று சொல்ல வாயெடுத்து, எப்படியோ அடக்கிக்கொண்டேன். அறிவித்தல் நேரத்தில் அவள் எழுந்தாள். காதெல்லாம் சிவந்திருந்தது. “நாற்பது ரூபாய் குறைகிறது. நான் எடுக்கவில்லை. போன வாரம் பசை வாங்கியதை எழுதவில்லைப் போல” என்றாள். பின்வரிசையில் இருந்து ஒருத்தி, “ஓம், பசை நான்தான் வாங்கினேன், நாற்பது ரூபாய்” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குக் குரல் வந்துவிட்டது. முப்பது பேர் முன்னால் நின்று, தன்மேல் சந்தேகம் விழக்கூடிய ஒரு விஷயத்தைத் தானே சொல்லிவிட்டாளே!

இனி மாமி. அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். குறிக்கோளின் முதல் வரியை மேலே எழுதியிருக்கிறேன். கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்பது அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. எந்தச் சமயத்துப் பிள்ளையும் சேரலாம், அது வேறு. ஆனால் ‘அது ஒன்றுமில்லை மாமி, விளையாட்டும் கைவேலையும்தான்’ என்று சமாளித்தால், ஒருநாள் பிள்ளை வேதவசனத்தை மனப்பாடம் செய்யும்போது மாமிக்கு நீங்கள் பொய்க்காரியாகத் தெரிவீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளை ஏற்கனவே உங்களோடு ஆலயத்துக்கு வருகிறவள்; அங்கே கேட்பதைத்தான் இங்கேயும் கேட்கப் போகிறாள். பிரிகேட்டில் சேர்வது ஞானஸ்நானமும் ஆகாது, அதை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கும் ஆகாது. அவை வேறு நாளில், வேறு ஆயத்தத்தோடு, அவளும் நீங்கள் இருவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. இதையும் மாமியிடம் சொல்லுங்கள். அவருடைய பயத்தில் பாதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சமயம் கலக்காமல் பயிற்சி மட்டும் வேண்டும் என்று உங்கள் கணவர் நினைத்தால் அதற்கும் வழி உண்டு. பாடசாலைப் பெண் சாரணியர் இயக்கம் 1917 முதல் இந்த நாட்டில் இருக்கிறது, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளும் பெற்றோர் நிறைய. சீருடை, பட்ஜ், முகாம் என்று வெளியே பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மாமியின் பயத்துக்குள் இன்னொன்றும் இருக்கலாம், வாய்விட்டுச் சொல்லமாட்டார். பேத்தி தன்னை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவாளோ என்பது. இது வெறும் கற்பனையில்லை. எங்கள் குழுவில் உங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டுப் பிள்ளை இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அப்பம்மாவோடு கோணேசர் கோயிலுக்குப் போய்வருவாள். கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் படுத்திருக்கும் மர நிழலைக் கடந்து, மேட்டில் அப்பம்மா மூச்சு வாங்க நிற்கும்போது பையை இவள் வாங்கிக்கொள்வாள். இந்த வழக்கம் சின்ன வயதிலிருந்தே. ஒரு சனிக்கிழமை, எனக்கு உதவியாக இருந்த இளம் ஆசிரியை ஒருவர், கோயிலில் படைத்ததைத் தொட்டாலே பாவம் என்று வகுப்பில் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளி அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று படுத்துவிட்டது. அதற்கடுத்த வெள்ளியும் வயிற்றுவலி. மூன்றாவது வாரம் என்னிடம் தனியே வந்து, “அப்பம்மா தரும் பொங்கலைச் சாப்பிட்டால் நான் நரகத்துக்குப் போவேனா ரீச்சர்?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்ததில்லை. படையல் உணவைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் எட்டாம், பத்தாம் அதிகாரங்களில் நீளமாகப் பேசுகிறார். அங்கேயே ஒரே வரியில் ‘சாப்பிடு’, ‘சாப்பிடாதே’ என்று முடிக்கவில்லை. மற்றவருடைய மனச்சாட்சியையும் இழுத்து வைத்துப் பேசுகிறார். நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: சாப்பிடுவதா விடுவதா என்பதை நீ வளர வளர உன் மனச்சாட்சியோடு பேசித் தீர்த்துக்கொள், ஆனால் மேட்டில் அப்பம்மாவின் பையை வாங்குவதை நிறுத்தாதே, அப்பம்மா பாவி என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை உனக்கு ஒருவரும் தரவில்லை. பிறகு அந்த ஆசிரியையோடும் பேசினேன். அது கொஞ்சம் சூடான பேச்சு. தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையில் இந்துத் தகப்பனுக்கு விலக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆகவே சேர்க்கும் முன் கப்டனிடம் நேரே கேளுங்கள், முடிந்தால் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு: “எங்கள் வீட்டில் இரண்டு வழிபாடு உண்டு. பிள்ளையின் அப்பம்மாவைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்?” பதிலை விட, பதில் சொல்லும் முகத்தைப் பாருங்கள். பெற்றோருக்கு நிகழ்ச்சி செய்துகாட்டும் நாள் வந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேத்தி மேடையில் ஏறினால் கைதட்டாத அப்பம்மாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் அரை வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. ‘ஆலயம்தானே, என்ன நடந்துவிடப் போகிறது’ என்று நம் ஆட்கள் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பாடசாலையில் கேட்பதை ஆலயத்தில் கேட்டால் விசுவாசக் குறைவு என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நினைத்துவிட்டுப் போகட்டும். பயிற்சி நேரம் முழுவதும் எத்தனை பெரிய பெண்கள் இருப்பார்கள்? ஒருவர் மட்டும் என்றால் சேர்க்காதீர்கள், குறைந்தது இரண்டு பேர் வேண்டும். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கும் நிலை எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது, அது ஜெபத்துக்காக இருந்தாலும் சரி, ‘தனியாகப் பேசி ஆலோசனை சொல்ல’ என்றாலும் சரி. மண்டபத்துச் சாவி யாரிடம்? கடைசிப் பிள்ளை போகும்வரை யார் நிற்பார்? பிள்ளைக்குச் செய்தி அனுப்புவதானால் தாய்மாரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் அனுப்பட்டும். வாலிபர் குழு அண்ணன்மார் யாரும் தனியே அனுப்பத் தேவையில்லை. பிள்ளைகளின் படத்தைப் பேஸ்புக்கில் போடுவதற்கு முன் உங்களைக் கேட்பார்களா? முகாம் என்றால் யார் எங்கே படுப்பார்கள், சாரதி யார், இரவில் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் தொலைபேசி எடுப்பார்? நல்ல கப்டன் இவற்றுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்லுவார். ‘என்ன, எங்களை நம்பவில்லையா’ என்று முகம் மாறினால், கொஞ்சம் பொறுத்துச் சேர்க்கலாம் என்று திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். கழிவறைக்குப் போய்க் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். எங்கள் மண்டபத்தில் இரண்டு வருடம் அந்தத் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நான் போதகர் குடியிருக்கும் மிஷன் வீட்டுக் கழிவறைக்குப் போகிறவள். பிள்ளைகள் ஒருத்தி உள்ளே போக ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் சிலர் வராமலே இருந்திருக்கிறார்கள். நானோ கொப்பியில் ‘வரவில்லை’ என்று சிவப்பால் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆடி மாதம், கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் ஒரு பின்னேரம், அணிவகுப்பில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. விசாரித்தால், கழிவறைக்குப் போகக்கூடாதே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையாம். அன்றைக்கே தாழ்ப்பாள் வாங்கிப் பூட்டினோம். வேலை முடியப் பத்து நிமிடம் எடுத்தது.

தப்பான காரியம் ஏதாவது நடந்தால், அல்லது நடந்ததாகப் பிள்ளை சொன்னால், ‘சபைக்குள் பேசித் தீர்ப்போம்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், பொலிசில் பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கிறது. மகளுக்கும் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். பயமுறுத்தும் குரலில் சொல்ல வேண்டாம், பஸ் இலக்கம் சொல்வதுபோலச் சொன்னால் போதும்.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஆலயத்தில் பிள்ளைகள் கூடுவதென்றாலே நம் மாகாணத் தாய்மாருக்கு வயிறு கலங்குகிறது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. வாசலில் யார் நிற்கிறார்கள், வெளிக்கதவு பூட்டியிருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லலாம்.

வீடு திரும்புவதை மறந்துவிடாதீர்கள். இப்போது ஐந்தரை மணிக்கு நல்ல வெளிச்சம். கார்த்திகை மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், மழையும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் அரை மணித்தியாலம் முன்னதாக முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து தெரிந்த ஓட்டோ ஒன்றில் வந்தால் செலவும் குறையும். கணவர் போய்க் கூட்டிவந்தால் இன்னும் நல்லது. அதற்கு வேறு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ரியூசனைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. தரம் 8இல் வாரம் இரண்டு மணித்தியாலத்தால் எந்தப் படிப்பும் கெடாது. தரம் 11 வந்து சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் சில மாதம் விட்டுப் பிடிக்கட்டும். அதற்கும் விடாத கப்டன் என்றால் அவரிடம் ஏதோ பிழை. எந்த வகுப்பு சனிக்கிழமையோடு மோதுகிறது என்பதை மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சீருடைச் செலவை நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. சீருடை பார்க்கும்போது நகம், தலைமுடி, சப்பாத்து என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவேன். ஒருநாள் ஒரு பிள்ளை இறப்பர்ச் செருப்போடு நின்றது. “சப்பாத்து எங்கே?” என்றேன். “மறந்துவிட்டேன் ரீச்சர்” என்றது. “காலை மறந்துவிட்டா வந்தாய்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாடைக்காலம் அது, கடல் கொந்தளித்து, அந்தப் பிள்ளையின் தகப்பன் படகு இறக்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. மறப்பதற்கு வீட்டில் சப்பாத்தே இல்லை. இதெல்லாம் அவள் வராமல் போன மூன்றாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். தாய் பிளேன்ரீ தந்து மரியாதையாகப் பேசினார். பிள்ளை அறைக்குள்ளிருந்து வரவேயில்லை. அதற்குப் பிறகு மண்டபத்து அலுமாரி ஒன்றில் அளவு போதாமல் போன சீருடைகளையும் சப்பாத்துகளையும் சேர்த்து வைத்தோம். யாரையும் கேட்காமல் யாரும் எடுக்கலாம், எழுதத் தேவையில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவள் திரும்பி வரவில்லை. உங்கள் ஆலயத்தில் அப்படி ஓர் அலுமாரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே தொடங்குங்கள்.

கடைசியாகக் கணவர். அவர் ‘எதுவும் சொல்லவில்லை’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாயும் மனைவியும் இரண்டு பக்கம் இருக்கும் வீட்டில் ஆண்கள் பேசாமல் இருந்து பழகிவிடுகிறார்கள். பிறகு ஏதாவது பிசகினால் ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்பார்கள். நீங்களும் மகளும் அவரும் மூன்று பேராக உட்காருங்கள். ஏன் சேர வேண்டும் என்பதை மகளே அப்பாவிடம் சொல்லட்டும். நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்பதுதான் காரணமாக இருக்கலாம், அது போதும். அவர் சரி என்றால், சனிக்கிழமை கூட்டிவரும் வேலையை அவரிடமே கொடுங்கள். மண்டபத்து வாசலில் ஐந்து நிமிடம் நிற்கும் தகப்பனுக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பது நாம் சொல்லாமலே பாதி தெரிந்துவிடும். மாமிக்கும் அவர் வாயால் கேட்டால்தான் நம்பிக்கை வரும்.

முதல் சனிக்கிழமை நீங்கள் கூடப் போங்கள். கப்டனைப் பாருங்கள், தாழ்ப்பாளைப் பாருங்கள், பிறகு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தால் அவள் வாய் திறக்கமாட்டாள். வந்ததும் ‘என்ன சொல்லிக்கொடுத்தார்கள்’ என்று குடையாதீர்கள். சாப்பிடும்போது தானாக ஏதாவது வரும். சீருடைச் சட்டை மட்டும் தைக்கக் கொடுங்கள். சப்பாத்து இப்போது வாங்க வேண்டாம். மூன்று மாதம் போகட்டும். அதற்குள் தொடர்ந்து போவாளா என்பது தெரிந்துவிடும்.